இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய வீடு: கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. "அண்ணா, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல இருந்த பலகைத் தடுப்பை எடுத்துட்டோம். வெளிச்சம் எப்படி வருது பாருங்க!" கூடவே ஒரு படம். வீட்டு வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் ஆறு ஓக் பலகைகள் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் உளியால் இழைத்த வரிகள். வீடு கிரேடு இரண்டு லிஸ்டட், அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. "தம்பி, பலகையை முதல்ல உள்ளே எடுத்து வைங்க, மழை வரப்போகுது. இனிமே ஒரு ஆணியைக்கூடப் பிடுங்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் இப்படியொரு வீட்டில் நானும் குடியிருக்கிறேன். என் வீட்டு வேலைக்கு அனுமதி வாங்கிய பிறகு, தெரிந்த ஐந்தாறு குடும்பங்களின் விண்ணப்பங்களுக்கும் கூடமாட உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலில் பில்டரைப் பிடிக்கிறார்கள், அப்புறம் அனுமதி கேட்கிறார்கள், கடைசியில்தான் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் வராது. கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

1. வீடு எந்தப் பாதுகாப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள்

இரண்டு தனித்தனி விஷயங்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கன்சர்வேஷன் ஏரியா என்பது ஓர் இடம் முழுவதையும் சேர்த்துச் சொல்வது. தெரு, திடல், மதில், மரம், வீடுகளுக்கு நடுவே இருக்கும் காலி இடம் எல்லாம் அதில் அடங்கும். எல்லை போடுவது உள்ளூர் கவுன்சில். 1967இல் வந்த சட்டம் இதைத் தொடங்கி வைத்தது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இடங்கள் இப்படி இருக்கின்றன.

லிஸ்டட் பில்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட கட்டடம். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பின் பரிந்துரையைப் பெற்று அரசு அதைப் பட்டியலில் சேர்க்கிறது. கிரேடு ஒன்று, டூ ஸ்டார், கிரேடு இரண்டு என்று மூன்று படிகள். பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு இரண்டுதான்.

உங்கள் வீடு இதில் ஒன்றில் மட்டும் வரலாம், இரண்டிலும் வரலாம். கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருந்தும் லிஸ்டட் ஆகாத வீடுகள் ஏராளம். அவற்றுக்கு உள்ளே செய்யும் வேலையில் இந்தப் பாதுகாப்பு தலையிடாது; வெளியே செய்வதில்தான் கட்டுப்பாடு. லிஸ்டட் வீட்டுக்கு உள்ளும் வெளியும் ஒன்றுதான்.

பார்க்க வேண்டிய இடமும் இரண்டு. லிஸ்டட் கட்டடங்கள் எல்லாம் இருக்கும் நேஷனல் ஹெரிடேஜ் லிஸ்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரைபடத்தில் உங்கள் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். முகவரியைத் தட்டித் தேடினால் சில நேரம் கிடைக்காது. பட்டியலில் சேர்த்த காலத்தில் அது தபால் நிலையமாகவோ இரண்டு சின்ன வீடுகளாகவோ இருந்திருக்கும், அந்தப் பெயரிலேயே பதிவு நிற்கும். கன்சர்வேஷன் ஏரியா எல்லையைக் கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள்.

வரைபடத்தில் இருக்கும் சின்ன முக்கோணம் வீட்டை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான். பாதுகாப்பு அந்தப் புள்ளியோடு நின்றுவிடுவதில்லை. வீட்டோடு ஒட்டியிருப்பது எதுவானாலும் சேரும். அதோடு, வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகை, மதில், கிணற்றுக் கட்டு எல்லாம் சேரும். தோட்டத்து மூலையில் சாய்ந்து நிற்கும் பழைய செங்கல் கழிப்பறையை "குப்பைதானே" என்று இடித்தவரை எனக்குத் தெரியும்.

2. பட்டியல் குறிப்பைச் சரியாகப் படியுங்கள்

பதிவைத் திறந்தால் ஐந்து வரிதான் இருக்கும். "பதினேழாம் நூற்றாண்டு, மரச்சட்டம், பூச்சு, ஓட்டுக்கூரை, இரண்டு தளம்" என்று தந்தி மாதிரி எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, "உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, அப்போ உள்ளே நம்ம இஷ்டம்தானே" என்று நினைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தத் தம்பி செய்ததும் இதுதான்.

பழைய குறிப்புகள் பல தெருவில் நின்று பார்த்து எழுதியவை. கட்டடத்தை அடையாளம் காட்டுவதுதான் அவற்றின் வேலை. குறிப்பில் இல்லாத படிக்கட்டு, கதவு, கணப்பு, தரைக்கல், சுவர்ப்பூச்சு எல்லாமே பாதுகாப்புக்குள்தான் வரும். 2013க்குப் பிறகு எழுதிய சில பதிவுகளில் மட்டும் "இந்தப் பகுதிக்கு முக்கியத்துவம் இல்லை" என்று தெளிவாக விலக்கியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் ஒழிய, எதுவும் விலக்கில்லை.

இன்னொரு கட்டுக்கதை: கிரேடு இரண்டு என்றால் வெளிமுகம் மட்டும்தான் என்பது. அனுமதி வேண்டும் என்பதில் மூன்று கிரேடுக்கும் வித்தியாசமே கிடையாது.

அனுமதி இல்லாமல் லிஸ்டட் வீட்டின் தன்மை மாறும்படி வேலை செய்வது கிரிமினல் குற்றம். தெரியாமல் செய்தேன் என்பது வாதமாகாது. இரண்டு வருடம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. எல்லோரையும் உள்ளே பிடித்துப் போடுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பழையபடி கட்டிக்கொடு என்று நோட்டீஸ் வருவது சகஜம், அதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை.

3. கிராமத்தின் அப்ரைசல் அறிக்கையைத் தேடி எடுங்கள்

கவுன்சில் பெரும்பாலான கன்சர்வேஷன் ஏரியாவுக்கு ஓர் அறிக்கை போட்டிருக்கும். இந்தக் கிராமத்தில் எது விசேஷம், எந்தப் பார்வைக் கோணம் முக்கியம், எந்த மதில் முக்கியம், என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று அதில் இருக்கும். இருபது முப்பது பக்கம்தான். ஒரு மாலையில் படித்துவிடலாம்.

இதை ஏன் முதலிலேயே படிக்க வேண்டும்? உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். "இந்தத் தெருவின் கூரை வரிசை ஏறி இறங்குவதுதான் இதன் அழகு" என்று அதில் எழுதியிருந்தால், தெருப்பக்கக் கூரையில் ஜன்னல் மாடம் கேட்பது வீண் வேலை. அதையே பின்பக்கம் கேட்டால் பேச இடமிருக்கிறது.

அதே நேரத்தில் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு இருக்கிறதா என்றும் பாருங்கள். லிஸ்டட் ஆகாத வீட்டுக்காரர் சாதாரணமாக அனுமதி கேட்காமலே ஜன்னல், வாசல் கதவு மாற்றலாம்; முன்பக்க மதிலிலும் சின்ன வேலைகள் செய்துகொள்ளலாம். இந்த உத்தரவு அந்தச் சலுகைகளில் சிலவற்றை எடுத்துவிடும். ஒரே கிராமத்தில் ஒரு தெருவுக்கு இருக்கும், அடுத்த தெருவுக்கு இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருக்கிறார் என்பது உங்களுக்கு அத்தாட்சி ஆகாது. உத்தரவு வருவதற்கு முன்பே அவர் போட்டிருக்கலாம், திருட்டுத்தனமாகவும் போட்டிருக்கலாம்.

4. வீட்டை நீங்களே படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படியையும் சேர்த்து இது ஒன்றுக்குச் சமம். முடிந்தால் ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் செய்யாமல் குடியிருந்து பாருங்கள். எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, எந்தக் காற்றுக்கு எந்த ஜன்னல் ஊளையிடுகிறது, மழை எங்கே தேங்குகிறது என்று ஜூன் மாதத்தில் தெரியாது.

முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர், தரை, கூரை, கதவு, ஜன்னல், கொண்டி, கீல். தேதியோடு சேமித்து வையுங்கள். பின்னாளில் "இதை நீங்கள்தான் மாற்றினீர்களா?" என்ற கேள்வி வந்தால் இதுதான் சாட்சி.

அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறுங்கள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் தெரியும். என் வீட்டுப் பரணில் கூரைச்சட்டம் ஒவ்வொன்றிலும் உளியால் கொத்திய கோடுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, நான்கு. தரையில் வைத்து இழைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு, மேலே தூக்கி நிறுத்தும்போது மாறிப்போகாமலிருக்கத் தச்சர் போடும் எண்கள் அவை. நான்கும் ஐந்தும் இடம் மாறியிருந்ததால், கூரையை எப்போதோ ஒருமுறை பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பிற்பாடு என் விண்ணப்பத்தில் அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருந்தது.

முன்முகத்தை மட்டும் பார்த்து வயதைத் தீர்மானிக்காதீர்கள். சஃபோக்கில் லாவன்ஹாம் போன்ற கிராமங்களுக்குப் போனால், தெருவைப் பார்த்து அழகான செங்கல் முகமும் உயர ஜன்னலுமாகப் பதினெட்டாம் நூற்றாண்டு வீடு போல நிற்கும். பக்கச் சந்தில் திரும்பினால் அதே வீட்டின் உடம்பு முழுக்க மரச்சட்டம், முகத்தைவிட இருநூறு முந்நூறு வருடம் மூத்தது. கம்பளி வியாபாரத்தில் பணம் கொழித்தபோது கட்டிய வீட்டுக்குப் பிற்காலத்தில் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட சுவரில் துளை போடுவதற்கும் முழுச் செங்கல் சுவரில் துளை போடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்தது சாந்து. வீட்டுச் சாவியால் செங்கல் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக, மாவு போல உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் சாவியைத் திருப்பித் தள்ளினால் சிமெண்ட். எங்கெங்கே சிமெண்ட் என்று ஒரு வரைபடத்தில் குறியுங்கள். அடுத்த மழையில் ஓதம் வரும் இடங்களையும் அதிலேயே குறியுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும்.

காரணம் எளிது. பழைய சுவரில் ஈரம் உள்ளே போவதைத் தடுக்க ஏற்பாடு எதுவும் கிடையாது. போன ஈரம் சுண்ணாம்பு இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள் நிற்கும், உறைபனியில் விரியும், செங்கல்லின் முகம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். மரச்சட்ட வீட்டில் இன்னும் மோசம். சிமெண்ட் பூச்சில் விழுந்த மயிரிழை வெடிப்பு வழியாக நீர் இறங்கி, அடிச்சட்டம் பார்வைக்குத் தெரியாமலே மக்கும். நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சில் சிமெண்ட் ஒட்டுப் போட்டுப் பாழான வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

5. எது பழுது, எது மாற்றம் என்று பிரியுங்கள்

செய்ய நினைக்கும் வேலையை எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரியுங்கள். இருந்ததை இருந்தபடியே, அதே பொருளில், அதே முறையில், தேவையான அளவுக்கு மட்டும் சரிசெய்வது பழுது. அதற்குப் பெரும்பாலும் அனுமதி வேண்டாம். வீட்டின் தன்மையைத் தொடும் எதுவும் மாற்றம்.

ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டம் உளுத்துப்போய், அதை மட்டும் வெட்டி எடுத்து அதே மரத்தில் ஒட்டுப்போட்டால் பழுது. ஜன்னலையே தூக்கிவிட்டு அச்சு அசலாகப் புதிது செய்து வைத்தால், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது மாற்றம்தான். பழைய மரமும் அலையடிக்கும் பழைய கண்ணாடியும் போய்விட்டனவே. இரட்டைக் கண்ணாடி போடுவது நிச்சயம் மாற்றம். குளிர்தான் பிரச்சினை என்றால், உட்பக்கமாகத் தனியாகக் கழற்றக்கூடிய இரண்டாம் கண்ணாடிச் சட்டம் வைப்பதை அதிகாரிகள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்விகள் சில. சமையலறை அலமாரிகளை மாற்றலாமா? அவை சமீபத்தியவை என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. தாளிப்புப் புகை போக ஃபேனுக்குச் சுவரில் ஓட்டை? கேளுங்கள். பூஜை அறைக்கு ஒரு மரத்தடுப்பு? கழற்றினால் தடம் தெரியாத மாதிரி தனியாக நிற்க வைத்தால் சிக்கல் இருக்காது. பழைய உத்தரத்தில் திருகாணி இறக்கினால் வேறு கதை. வெளியே சாயம்? அதே சாயத்தைத் திரும்ப அடிப்பது பழுது. பூசாத செங்கல்லுக்கு முதல்முறையாகச் சாயம் அடிப்பது மாற்றம்.

சந்தேகம் வந்தால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். இந்த வேலைக்கு லிஸ்டட் அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலிடம் சான்றிதழே கேட்டு வாங்கலாம். விற்கும்போது அது கைகொடுக்கும்.

அவசரம் என்றால்? புயலில் புகைபோக்கி சாய்ந்து நிற்கிறது என்று வையுங்கள். முட்டுக்கொடுத்து நிறுத்த முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். முடியாது என்றால், ஆபத்து நீங்கும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, உடனே கவுன்சிலுக்கு எழுதுங்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் கட்டாயம்.

6. ஆளைப் பிடியுங்கள், ஆனால் பில்டரை அல்ல

முதலில் வேண்டியது பழைய கட்டடங்களில் தேர்ந்த சர்வேயர் அல்லது ஆர்க்கிடெக்ட். இரண்டு தொழிலிலும் கன்சர்வேஷனுக்கென்று தனி அங்கீகாரம் உண்டு. இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஓதத்துக்கு என்று இலவசமாக வந்து பார்க்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கையில் இரண்டு ஊசி வைத்த மீட்டரோடு வருவார், சுவரில் குத்துவார், அது கத்தும், "அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது, ரசாயனம் ஏற்ற வேண்டும்" என்பார். அந்த மீட்டர் மரத்துக்காகச் செய்யப்பட்டது. பழைய சுவரில் உப்பு இருந்தாலே கத்தும். என் வீட்டுக்கும் ஒருவர் வந்து பெரிய தொகைக்கு மதிப்பீடு கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் என்ன செய்தேன்? வெளியே சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்த மண்ணை வெட்டி எடுத்தேன், உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றினேன். அடுத்த கோடைக்குள் சுவர் காய்ந்துவிட்டது.

7. வௌவால், மரம், மதில் மூன்றையும் இப்போதே கவனியுங்கள்

இவற்றுக்கு நாள் கணக்கும் பருவக் கணக்கும் உண்டு. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வருடம் போய்விடும்.

கூரை வேலை இருந்தால் வௌவால் ஆய்வு வேண்டியிருக்கும். அவை தங்கும் இடத்தைக் கெடுப்பது குற்றம், அந்த நேரத்தில் வௌவால் உள்ளே இல்லாவிட்டாலும். சாயங்காலம் அவை வெளியே பறப்பதைப் பார்த்து எண்ணும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் ஞாபகம் வந்தால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கன்சர்வேஷன் ஏரியாவில் மரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ ஆறு வாரத்துக்கு முன் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த விதி. அதாவது உங்கள் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

தெருவை ஒட்டிய மதில் ஒரு மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரம் என்றால் இடிக்க அனுமதி வேண்டும். மற்ற இடத்தில் இரண்டு மீட்டர். கார் நிறுத்த முன்மதிலை எடுத்துவிடலாம் என்ற ஆசை நம்மவர்களுக்கு ரொம்ப உண்டு. ஒட்டு வீடு என்றால் பொதுச்சுவர் வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாத நோட்டீஸ் தனி. கடிதம் போடும் முன் ஒரு தட்டுப் பலகாரத்தோடு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம்.

8. விண்ணப்பத்துக்கு முன் கன்சர்வேஷன் ஆபீசரிடம் பேசுங்கள்

கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி இவர். பல கவுன்சில்கள் இந்த முன்னாலோசனைக்குக் கட்டணம் வாங்குகின்றன. கொடுங்கள். நிராகரிக்கப்பட்ட ஒரு வரைபடத்தைத் திரும்ப வரைய ஆர்க்கிடெக்ட் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "இந்தச் சுவரை எடுக்கலாமா?" என்று கேட்டால் பதில் "கூடாது" என்றுதான் வரும். "எங்கள் அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை, கீழே ஒரு குளியலறை தேவை, மூன்று இடங்களை யோசித்திருக்கிறோம், எது வீட்டுக்குக் குறைந்த பாதிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். முடிவை எடுத்துக்கொண்டு போகாமல் தேவையை எடுத்துக்கொண்டு போனால் அவரே வழி சொல்வார். எங்களுக்குப் பழைய பால் அறையைக் காட்டியவர் அவர்தான். நாங்கள் அதை யோசித்திருக்கவே இல்லை.

9. விண்ணப்பம்

லிஸ்டட் அனுமதிக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் வெளியே நீட்டிக் கட்டுவது போன்றவற்றுக்கு பிளானிங் அனுமதி தனியாக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. கட்டட விதிமுறை ஒப்புதல் இரண்டிலும் சேராத மூன்றாவது. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்த மாதிரி என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

இடத்தைக் காட்டும் வரைபடம், இப்போது இருப்பதும் வரப்போவதும் பக்கத்தில் பக்கமாகத் தெரியும் வரைபடங்கள், ஜன்னல் கதவு என்றால் குறுக்குவெட்டு விவரம், படங்கள். இவற்றோடு ஹெரிடேஜ் ஸ்டேட்மென்ட். இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் கிடைத்த கிராம வரலாற்றை மூன்று பக்கத்துக்கு ஒட்டிவிட்டு, கடைசியில் "பாதிப்பு எதுவும் இல்லை" என்று முடிப்பார்கள். அதிகாரிக்கு வேண்டியது வேறு: நீங்கள் தொடப்போகும் பகுதி எந்தக் காலத்தது, அதில் என்ன மதிப்பு இருக்கிறது, உங்கள் வேலையால் எது போகும், எது நிற்கும், ஏன் வேறு வழி இல்லை.

எங்களுடையதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "பால் அறைக்கும் நடைக்கும் இடையிலுள்ள தடுப்பு ஜிப்சம் பலகையால் ஆனது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இதை எடுப்பதால் பழைய பொருள் எதுவும் இழக்கப்படாது. செங்கல் தரை அப்படியே இருக்கும்; குளியலறைத் தரை அதன் மேல், கழற்றக்கூடிய சட்டத்தில் நிற்கும்." இவ்வளவு போதும். நான்காம் படியில் நீங்கள் எடுத்த படங்களும் குறிப்புகளும் இங்கேதான் வேலைக்கு வரும்.

முடிவு சொல்ல எட்டு வாரம் கெடு. அதற்குள் 21 நாள் ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லலாம். கிரேடு ஒன்று, டூ ஸ்டார் என்றால் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தையும் கேட்பார்கள். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு. கிடைத்தால், பொதுவாக மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் வந்த சந்தோஷத்தில் இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் விடாதீர்கள். அங்கேதான் நிபந்தனைகள் இருக்கும். "சாந்து மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்பே வேலை தொடங்க வேண்டும்" என்று இருந்து, நீங்கள் திங்கட்கிழமையே தொடங்கினால், அனுமதி கையில் இருந்தும் குற்றம்தான்.

10. வேலை நடக்கும்போது

இப்போதுதான் பில்டர். சுண்ணாம்பு வேலை செய்த கையா என்று விசாரியுங்கள். முன்பு செய்த சுவரை ஒரு குளிர்காலம் கழித்து நேரில் போய்ப் பாருங்கள். பழைய சிமெண்ட் இடுக்கைச் சுத்தியும் சின்ன உளியும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். மின்சார அறுப்பானைக் கொண்டுவந்தால் வேலையை நிறுத்துங்கள். அது செங்கல்லின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சுண்ணாம்பு வேலையை ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகாது, உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். வெயிலும் ஆகாது. பூசியதும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சில நாள் தண்ணீர் தெளித்துக் காக்க வேண்டும். பில்டர் சாயங்காலம் போய்விடுவார், தெளிப்பது நீங்கள்தான்.

பலகையைப் பிரிக்கும்போது உள்ளே மறைந்திருந்த கணப்போ சுவரோவியமோ தெரிந்தால், அங்கேயே நிறுத்தி அதிகாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் அனுமதி, வரைபடத்தில் இருந்ததற்கு மட்டும்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று. லிஸ்டட் வீட்டு மாற்ற வேலைக்கு வாட் வரி இல்லை என்று பழைய குறிப்புகளில் படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். அந்தச் சலுகை 2012 அக்டோபர் 1ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது 20 சதவீதம்.

11. இன்னும் வாங்கவில்லை என்றால்

முன்னிருந்தவர் அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு உங்கள்மேல் கிரிமினல் வழக்கு வராது. ஆனால் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் வீட்டோடு வரும், அப்போதைய உரிமையாளர் என்ற முறையில் உங்கள் தலையில்தான் விழும். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும்போதே பட்டியல் குறிப்பை அச்செடுத்து எடுத்துப்போங்கள். குறிப்பில் "மூன்று அறை, நடுவே புகைபோக்கி" என்று இருந்து, உள்ளே ஒரே பெரிய ஹாலாக இருந்தால், இடையில் என்ன நடந்தது, அனுமதிக் கடிதம் எங்கே என்று சொலிசிட்டர் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) மூலம் கேளுங்கள்.

"கவலை வேண்டாம், இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். அது பண நஷ்டத்தை ஈடுகட்டலாம். நோட்டீஸ் வருவதைத் தடுக்காது. அந்தப் பாலிசி எடுக்கும்போது, நீங்கள் கவுன்சிலிடம் இதைப் பற்றி விசாரித்திருக்கக் கூடாது என்று பொதுவாக நிபந்தனை வைப்பார்கள். ஆகவே கவுன்சிலுக்குப் போன் போடும் முன் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியின் பலகைகள்? ஆறும் பத்திரமாக இருந்தன. எந்தப் பலகை எந்தக் குழியில் நின்றது என்று தரைச்சட்டத்தில் இருந்த காடியை வைத்துக் கண்டுபிடித்து, சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டோம். அதிகாரியிடம் அவராகவே போய்ச் சொன்னார். தச்சர் ஒருவர் இரண்டு நாளில் பழையபடி நிறுத்திக் கொடுத்தார். வெளிச்சத்துக்கு என்ன செய்யலாம் என்று இப்போது முதல் படியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.